ஓஷுனை மாந்திரீகம் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி 2000ஆம் ஆண்டு இங்கே வந்தேன். காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, முதல் ஆள் கற்பூரம் கேட்டு வருவதற்குள் உங்கள் பத்திரிகையைக் கைபேசியில் படித்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு கடிதமும் எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

சில வாரங்களுக்கு முன் உங்கள் வார இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க நைஜீரியாவைப் பற்றி வந்திருந்தது. மேலே ஒரு பெரிய படம்: அடர்ந்த காடு, பழுப்பு நிற ஆறு, கரையில் இரண்டு கைகளையும் விரித்து நிற்கும் மண் நிறச் சிலை. நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைப் பெண் சில்லறை கேட்டு வந்தாள். தலைமுடி பின்னும் கடை அவளுடையது. நைஜீரியாவில் யொருபா இனத்தைச் சேர்ந்தவள். கைபேசியை எட்டிப் பார்த்தவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மா, இது எங்க அம்மா ஊர்! ஒஷொக்போ! இந்த ஆத்துலதான் என்னைக் குளிப்பாட்டுனாங்க. உங்க பாஷையில என்ன எழுதியிருக்காங்க, படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

நீங்கள் எழுதியிருந்தது "மாந்திரீகக் காடு". உள்ளே பில்லி, சூனியம், பேய் வழிபாடு என்று வரிக்கு வரி. நான் "உங்க ஊர் கோயிலைப் பத்தி எழுதியிருக்காங்கம்மா" என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவள் சில்லறையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். அன்று முழுக்க எனக்கு வியாபாரத்தில் மனம் போகவில்லை.

அந்தக் காடு மந்திரவாதிகள் ஒளிந்திருக்கும் இடமில்லை, ஐயா. ஓஷுன் என்ற ஆற்றுத் தாய்க்கு உரிய கோயில்காடு. நம் ஊரில் ஐயனாருக்கு விட்டிருக்கிறார்களே, அந்த மாதிரி. சுமார் 75 ஹெக்டேர். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. உங்கள் படத்தில் இருப்பது போன்ற சிலைகள் பலவற்றைச் செய்தவர் சூசன் வெங்கர். ஆஸ்திரியாவில் பிறந்த ஓவியர், யொருபா நாட்டுக்கு வந்து ஓஷுனுக்கே தொண்டு செய்து, 2009இல் அங்கேயே காலமானார். அவரோடு உள்ளூர்க் கைவினைஞர்களும் சேர்ந்துதான் இடிந்து கிடந்த கோயில்களைத் தூக்கி நிறுத்தினார்கள். இதில் ஒரு வரிகூட உங்கள் பக்கத்தில் இல்லை.

ஒஷொக்போ சாயத்தொழிலுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர் உண்டான கதையைச் சொல்லும்போது பக்கத்துக் கடைப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சம் பிழைக்க வந்த கூட்டம் ஆற்றங்கரையில் மரம் வெட்டியதாம். மரம் ஆற்றுக்குள் சாய்ந்தது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்: "ஐயையோ, என் சாயப் பானையெல்லாம் உடைஞ்சு போச்சே!" சாமி சாபம் விடவில்லை. பாடுபட்டு வேலை செய்கிறவள், தன் பானை உடைந்ததே என்றுதான் முதலில் அலறினாள். வந்தவர்கள் பயந்து ஒதுங்கிக் குடியேறி, ஆற்றையும் காட்டையும் அவளுக்கே விட்டுவிட்டார்கள். வருஷாவருஷம் ஆகஸ்டில் திருவிழா. அருக்பா என்று ஒரு கன்னிப் பெண், நம் ஊர் முளைப்பாரி போல, நைவேத்தியச் சுரைக்குடுவையைத் தலையில் சுமந்து ஆற்றுக்கு நடப்பாள். அவள் கால் தடுக்கக் கூடாது என்று ஊரே கண் கொட்டாமல் பார்க்கும். அவள் கடந்து போகும்போது சனங்கள் தங்கள் குறையைச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் குற்றாலத்துப் பக்கம் அம்மன் கொடைதான் கண்ணில் வந்தது.

ஓஷுனுக்கு உகந்த உலோகம் பித்தளை. அந்த யொருபாப் பெண் முதல்முதலாக என் கடைக்குள் வந்தது 2013இல், பித்தளை வளையல் கேட்டு. ஒவ்வொரு வளையலாக எடுத்துக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தாள். சத்தம் கணீரென்று வந்ததை மட்டும் ஒதுக்கினாள். கலப்படப் பித்தளையை அப்படியே தள்ளிவிட்டாள். இருபத்தைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கும் என் கணவரின் சித்தப்பாகூட அப்படிப் பார்த்து வாங்கமாட்டார். அப்புறம் அவளிடம் வேலை பழகும் சின்னப் பெண் ஒருத்தி வந்து, மீதிப் பணத்தை வாங்கும்போது முழங்கால் மடித்துத் தரையில் ஊன்றி வாங்கினாள். பெரியவர்களிடம் அப்படித்தான் வாங்க வேண்டுமாம். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

அவள் சொன்ன இன்னொரு ஓஷுன் கதை. உலகத்தை ஒழுங்குபடுத்த 16 ஆண் தெய்வங்களும் ஓஷுன் ஒருத்தியும் வந்தார்களாம். ஆண்கள் கூடிப் பேசி எல்லாம் செய்தார்கள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். மழை பெய்யவில்லை, வைத்தது முளைக்கவில்லை, தொட்டது துலங்கவில்லை. மேலே போய் ஒலோதுமரேயிடம் முறையிட்டார்கள். (யொருபாக்காரர்கள் தெய்வங்களை ஒரிஷா என்பார்கள். எல்லா ஒரிஷாக்களுக்கும் மேலான முழுமுதல் கடவுள் அவர். அவருக்கென்று தனிக் கோயில் கிடையாது.) "பதினேழாவது ஆளைக் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்பினாராம். இதை நான் எங்கள் கோயில் பெண்களிடம் சொன்னேன். ஆடி மாதக் கூழுக்கு அண்டா அண்டாவாகக் காய்ச்சுவது நாங்கள். நிர்வாகக் குழுவில் ஒரு பெண் கிடையாது. கதையைக் கேட்டதும் ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்த வருஷப் பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பெண்கள் போனோம். இப்போது குழுவில் இரண்டு பேர் இருக்கிறோம்.

அந்த ஓஷுன் ஆற்றின் மேல்பகுதியில் தங்கம் தோண்டித் தோண்டித் தண்ணீர் கலங்கிவிட்டது என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்துவிடும். எங்கள் உம்கெனி ஆறும் அப்படித்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள், சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்கள் உடைந்து, ஆறும் கடலும் நாறிப்போயின. ஆனால் வெள்ளத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆற்று முகத்துவாரத்தில் பூசை முடிந்தபின் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டு, பன்னீர் பாட்டில், ஜரிகைத் துணி எல்லாம் என் போன்றவர்கள் கடையில் விற்றதுதானே. ஒருநாள் கடற்கரையில் நான் விற்ற தட்டையே பார்த்தேன், அடியில் என் கடை விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. மறுவாரமே பிளாஸ்டிக் தட்டு வாங்குவதை நிறுத்தினேன். இங்கே வாழை இலை கிடைக்கிறது, அதைச் சதுரமாக வெட்டிக் கட்டாகக் கொடுக்கிறேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை.

சரி, நான் உண்மையில் எழுத வந்தது வேறொன்று. இதுவரை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

2002 டிசம்பர் 4ஆம் தேதி இங்கே சூரிய கிரகணம். நாட்டின் வடக்கு எல்லையில் முழு கிரகணம், டர்பனில் பகுதி கிரகணம். காலை எட்டு மணி வாக்கில். நான் அப்போது ஐந்து மாத கர்ப்பம். வந்த புதிது, சொல்ல ஆளில்லை, காலண்டரும் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என் கணவரின் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரிவாள்மணையில் பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தேன். திடீரென்று வெளிச்சம் மங்கி, வெயில் ஒரு மாதிரி சாம்பலாக விழுந்தது. மேகம் என்று நினைத்தேன். 2003 ஏப்ரலில் இளையவன் பிறந்தான், வலது கையில் மூன்று விரல்களோடு.

ஊரிலிருந்து அம்மா போனில் முதலில் கேட்டது, "கெரகணத்தன்னிக்குக் கத்தியத் தொட்டியாடீ?" என்றுதான். மாமியார் கேட்டார். நாத்தனார் கேட்டாள். நான் "இல்லை" என்று சொன்னேன். பொய் சொன்னேன். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல், அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதெல்லாம் அந்த அரிவாள்மணை கண்ணில் வரும். டாக்டர் இதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று எவ்வளவோ சொன்னார். புத்திக்குப் புரிந்தது, நெஞ்சுக்கு எட்டவில்லை.

பையனுக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தான். பக்கத்துக் கடைப் பெண் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் தொட்டு எடுத்துக்கொண்டாள். "இவன் ஒபாத்தாலா பிள்ளை" என்றாள். நான் ஒன்றும் புரியாமல் பார்த்தேன்.

மனிதர்களைக் களிமண்ணில் பிடிக்கும் வேலை ஒபாத்தாலாவுடையது. வெள்ளை உடுத்தும் சாந்தமான தெய்வம். ஒருநாள் வேலை நடுவில் தாகம் எடுத்து, பனங்கள்ளைக் குடித்தாராம். கொஞ்சம் கொஞ்சமாக நிறையக் குடித்துவிட்டார். கை தடுமாறியது. சில உருவங்கள் கூனோடும், சில குட்டைக் காலோடும், சில பார்வையில்லாமலும் வந்தன. தெளிந்து எழுந்து பார்த்தார். அப்படிப் பிறந்தவர்களைத் தூக்கி எறியவில்லை, அவர்கள் மேல் பழியும் போடவில்லை. "தவறு என்னுடையது" என்றார். இனி கள்ளைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்தார். அப்படிப் பிறந்தவர்கள் எல்லாரையும் தன் சொந்த மனிதர்களாக ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் ஒபாத்தாலாவைக் கும்பிடுகிறவர்கள் பனங்கள் குடிப்பதில்லை. அப்படிப் பிறந்தவர்களுக்கு யொருபா மொழியில் "எனி ஒரிஷா" என்றே பெயர். தெய்வத்தின் ஆள் என்று பொருள்.

நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். சாமியே தன் கைத்தவறை ஒப்புக்கொள்ளும் ஒரு கதையை நான் அதுவரை கேட்டதில்லை. பூர்வஜென்மம் என்று பிள்ளை மேல் போடவில்லை. பெற்றவள் கத்தியைத் தொட்டாள் என்று என் மேல் போடவில்லை. அன்று இரவே அம்மாவுக்குப் போன் போட்டு, "ஆமாம்மா, பீன்ஸ் அரிஞ்சேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ என் வயித்துல இருக்கும்போது நானும் அப்படித்தான் ஒருநாள் கீரை அரிஞ்சேன், நீ நல்லாத்தானே பொறந்தே" என்றாள். பத்து வருஷம் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாளே! பையன் இப்போது கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான்.

இதைத்தானா ஐயா சூனியம் என்கிறீர்கள்?

என் கணவர் கேட், ஜன்னல் கம்பி வெல்டிங் செய்கிறவர். ஆயுதபூசைக்குப் பட்டறையில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பக்கிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்குவோம். (பக்கி என்றால் இங்கே சரக்கு வண்டி.) அதைப் பார்த்து அவள் "இது ஓகுன் பூசை!" என்றாள். ஓகுன் இரும்புக்கும் வழிக்கும் உரிய தெய்வம். தெய்வங்கள் பூமிக்கு இறங்கியபோது காட்டை வெட்டிப் பாதை போட்டவர். கொல்லர், டிரைவர், மெக்கானிக் எல்லாம் அவரைக் கும்பிடுகிறவர்கள். அவர் கோயிலில் குருத்தோலைத் தோரணம் கட்டுவார்கள். அவர் பெயரால் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்வார்கள். அதே ஓகுன், இரே என்ற ஊரில் யாரும் தன்னிடம் பேசவில்லை என்ற கோபத்தில் தன் சொந்த சனங்களையே வெட்டிச் சாய்த்துவிட்டு, மௌன விரத நாள் என்று தெரிந்ததும் மனம் பொறுக்காமல் பூமிக்குள் போய்விட்டாராம். என் கணவர் கோபக்காரர், ஒருமுறை வேலைக்காரப் பையன் மேல் ஸ்பேனரை வீசியவர். கதை முடிந்ததும், "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று அவளிடம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

உங்கள் பக்கத்தில் எஷு என்ற யொருபா தெய்வத்தை "சாத்தான்" என்று போட்டிருந்தீர்கள். இது நீங்கள் புதிதாகச் செய்த தவறு இல்லை. யொருபா பைபிளிலேயே சாத்தானுக்கு எஷு என்ற பெயரை வைத்தார்கள். அந்த மொழிபெயர்ப்பில் முன்னின்றவர் சாமுவேல் குரவுதர். அவரே யொருபாக்காரர், சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு மீட்கப்பட்டு, 1864இல் பிஷப் ஆனவர். எஷு முச்சந்தியில் இருக்கும் தெய்வம், மற்ற தெய்வங்களுக்குச் செய்தி கொண்டுபோகிறவர். இரண்டு நண்பர்களின் வயலுக்கு நடுவில், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்புமாகத் தொப்பி போட்டு நடந்துபோனார். "கறுப்புத் தொப்பி" என்றான் ஒருவன், "சிவப்பு" என்றான் மற்றவன். அடிதடி. என் இரண்டு அண்ணன்களும் தென்காசியில் ஒரு கிணற்றுப் பங்குக்காக ஆறு வருஷம் பேசாமல் இருந்தார்கள். ஆளுக்கொரு நாள் எனக்குப் போன் போட்டு ஆளுக்கொரு தொப்பியைச் சொல்வார்கள். கடைசியில் இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து இந்தக் கதையைத்தான் சொன்னேன். கிணறு இன்னும் தீரவில்லை, ஆனால் சின்ன அண்ணன் பேத்தி காதுகுத்துக்குப் பெரியவர் போனார்.

எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். பின்னாளில் பிஷப் ஆன கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் எழுதியபோது, எங்கள் பக்கத்து வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றுதான் எழுதினார். தமிழுக்கு அவர் செய்தது பெரிது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் எங்கள் தாத்தா பொங்கல் வைத்து, கண்ணீர் விட்டுக் கும்பிட்ட சாமியைப் பேய் என்று படிக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. இங்கே என் கடை ஷட்டரிலும் ஒருமுறை, சிலைகள் எல்லாம் பிசாசு என்று யாரோ நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைச் சுரண்டி எடுக்க வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து உதவியவள் அந்த யொருபாப் பெண்தான். இத்தனைக்கும் அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். அம்மா வழி ஓஷுனையும் விடவில்லை.

நம் சனங்கள் 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து இந்தக் கரைக்கு வந்தார்கள். அடுத்தடுத்து வந்தவர்கள் கரும்புத் தோட்டத்தில் தகரக் கொட்டகையில் மாரியம்மனை வைத்தார்கள். யொருபா சனங்கள் சங்கிலியோடு கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இன்றைக்கும் ஓஷுனும், இடி தெய்வம் ஷாங்கோவும், ஓகுனும் கும்பிடப்படுகிறார்கள். கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள், நாக்கிலும் பாட்டிலும் வைத்துக் காப்பாற்றிய சாமிகள்.

பேர் வைப்பது சின்ன விஷயம் இல்லை, ஐயா. 2015 ஏப்ரலில் டர்பனில் வெளிநாட்டு ஆப்பிரிக்கர்களின் கடைகளை உடைத்தார்கள். சாட்ஸ்வர்த்திலேயே ஒரு விளையாட்டு மைதானத்தில் கூடாரம் போட்டு அகதிகளை வைத்திருந்தார்கள். அவள் தன் சீப்புகளையும் முடிக் கட்டுகளையும் இரண்டு சாக்கில் கட்டி, என் கடைப் பின்கட்டில் சாம்பிராணி மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். அந்தப் பத்து நாளில் தெருவில் என்னிடம் வந்து, "அவளை ஏன் உள்ளே விட்டாய், சூனியம் வைக்கிறவள்" என்று சொன்னவர்கள் தமிழர்கள். பெயர் சொல்ல மாட்டேன். நான் தினமும் பார்க்கிற முகங்கள்.

முடி பின்ன உட்காருகிறவர் தலையில் அவள் முதலில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாள். தலைக்குள் "ஓரி" இருக்கிறது, அதுதான் ஒவ்வொருவருக்கும் சொந்தத் தெய்வம் என்பாள். நாம் பிரம்மா எழுதிய தலையெழுத்து என்கிறோம். அவர்களோ, பிறப்பதற்கு முன்னால் அஜாலா என்ற குயவனிடம் போய் அவரவர் தலையை அவரவரே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அஜாலா கொஞ்சம் அசட்டையான குயவன், சில தலைகள் சரியாக வேகாமல் இருக்கும். அப்படி வாய்த்தால் உழைத்தும் நல்ல குணத்தோடு நடந்தும் அதை ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். "ஈவா லேவா" என்று அவர்கள் பழமொழி: குணம்தான் அழகு. போன தைப்பூசத்துக்கு நானும் அவளிடம் தலை பின்னிக்கொண்டேன். என் நரைமுடியைப் பிடித்துக்கொண்டு அவள் முணுமுணுத்தது எனக்குப் புரியவில்லை. ஆனால் என் பாட்டி திருநீறு பூசும்போது வரும் அதே சத்தம் அது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். ஒரிஷா என்ற சொல்லை அப்படியே ஒரிஷா என்றோ, தெய்வம் என்றோ எழுதுங்கள். ஒஷொக்போவைப் பற்றி இன்னொரு பக்கம் போடுங்கள், அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் போடுங்கள். அந்தப் படத்தைப் பற்றி அவள் இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டாள். நேரமில்லை, கண்ணாடி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதிய பக்கம் வந்தால் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு, அவளை உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக்காட்டுவேன்.

இப்படிக்கு,
பூசைச் சாமான் கடைக்காரி,
சாட்ஸ்வர்த், டர்பன்.